பொழுதுபோக்கு மீன்பிடிப்பும் பச்சைமீன் உணவும்

பொழுதுபோக்கு மீன்பிடிப்பு என்பது விற்பனைக்காக அன்றி, மனமகிழ்வுக்காகவும் வீட்டுத் தேவைக்காகவும் தூண்டில் முதலிய எளிய கருவிகளைக் கொண்டு மீன் பிடித்தல் ஆகும். இவ்வாறு பிடித்த மீனைச் சமைக்காமல் உண்ணலாமா, சமைத்தே உண்ண வேண்டுமா என்னும் வினா உலகின் பல பகுதிகளில் தூண்டிற்காரர்களிடையே எழுவதுண்டு. தமிழ்நாட்டில் மீனைச் சமைத்து உண்பதே மரபு. எனினும் ஜப்பானிய, கொரிய உணவு முறைகள் நிகழ்படங்கள் வழியே பரவியபின், "கண்முன்னே பிடித்த மீன்தானே, பச்சையாக உண்டால் என்ன?" என்னும் கருத்து இங்கும் கேட்கப்படுகிறது. காவிரிக் கரை நகரமான திருச்சிராப்பள்ளியையும், அதன் தென்மேற்குப் பகுதியான எடமலைப்பட்டி புதூரின் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து இக்கேள்வி இங்கு ஆராயப்படுகிறது.

சொல் வழக்கு

தமிழகச் சந்தைகளில் "பச்சை மீன்" என்ற சொல் சமைக்காமல் உண்ணும் மீனைக் குறிப்பதில்லை. உலர்த்திய மீனாகிய கருவாட்டிலிருந்து வேறுபடுத்துவதற்காக, ஈரம் மாறாத புதிய மீனைப் பச்சை மீன் என்பர். பச்சை மீன் வாங்கினேன் என்று ஒருவர் சொன்னால், அதைக் குழம்பு வைக்கப் போகிறார் என்றே கேட்பவர் பொருள் கொள்வார். சமைக்காத மீனைக் கொண்டு ஆக்கும் உணவுக்குத் தமிழில் தனிப் பெயர் வழங்காததும் குறிப்பிடத்தக்கது. இக்கட்டுரையில் பச்சைமீன் என்பது தீயில் வேகாத மீனைக் குறிக்கிறது.

நீர்நிலைகளும் மீன்களும்

காவிரி ஆறு திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கம் அமைந்துள்ளது. கிழக்கே கல்லணை உள்ளது. முக்கொம்பு மேலணை 1836 ஆம் ஆண்டு தொடங்கி ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரால் கட்டப்பட்டது. அணைகளின் கீழ்ப்புறத்தில் நீர் சுழித்து விழும் இடங்களில் மீன்கள் கூடுவதால் அவை தூண்டிற்காரர்கள் விரும்பும் இடங்களாகும். நீராடுவோர் கூடும் அம்மா மண்டபம் போன்ற படித்துறைகளை விட்டு விலகிய கரைகளும், கோடையில் கொள்ளிட மணலிடையே எஞ்சும் மடுக்களும் இவ்வாறே பயன்படுகின்றன.

எடமலைப்பட்டி புதூர் திருச்சிராப்பள்ளி மாநகராட்சிக்கு உட்பட்ட குடியிருப்புப் பகுதி. கிராப்பட்டி, கருமண்டபம், பஞ்சப்பூர் ஆகியன இதன் அண்டைப் பகுதிகள். அருகே கோரையாறு ஓடுகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும் இவ்வாறு, ஆண்டின் பிற மாதங்களில் மெலிந்து, குடியிருப்புக் கழிவுநீர் கலந்த ஓடையாகி விடுகிறது. இது வடக்கே சென்று, சோழர் காலத்ததான உய்யக்கொண்டான் வாய்க்காலைச் சந்தித்தபின் குடமுருட்டி என்னும் பெயரில் காவிரியை அடைகிறது. ஆகவே காவிரி மீன், கோரையாற்று மீன் என்று வேறுபடுத்திப் பேசினாலும் நீர் ஒன்றோடொன்று தொடர்புடையதே. பச்சைமீன் பற்றிய பேச்சில் முதலில் எண்ண வேண்டியது இந்த நீரைப் பற்றியே ஆகும்.

இப்பகுதியில் தூண்டிலில் அகப்படும் மீன்களுள் கெண்டை, கெளுத்தி, விரால், குரவை, வாளை, ஆரல், விலாங்கு ஆகியன மரபாக அறியப்பட்டவை. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கங்கைச் சமவெளி மீன்கள் பிற்காலத்தில் காவிரியில் விடப்பட்டுப் பெருகின. மக்கள் ஜிலேபி என்றழைக்கும் திலாப்பியா ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952 ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கலங்கிய நீரிலும் கழிவுநீரிலும் வாழ வல்லதாகையால், இன்று தொடக்கநிலைத் தூண்டிற்காரரின் கையில் முதலில் சிக்கும் மீன் பெரும்பாலும் இதுவே.

மூங்கில் அல்லது நாணற் கழி, தங்கூசி நரம்பு, முள், தக்கை, ஈயக்குண்டு ஆகியவை எளிய தூண்டிலின் உறுப்புகள். மண்புழு, பிசைந்த மைதா உருண்டை, விராலுக்குச் சிறு தவளை அல்லது குஞ்சு மீன் ஆகியன இரையாகும். சுழலுருளை பொருத்திய கண்ணாடியிழைத் தூண்டில்களும் அண்மைக் காலத்தில் பரவியுள்ளன.

வரலாறு

தூண்டிலால் மீன் பிடித்தல் சங்க இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நீண்ட மூங்கிற் கழியில் கட்டிய தூண்டிலைக் கொண்டு வாளை மீன் பிடிக்கும் பாண்மகன் குறிக்கப்படுகிறான். அவன் தோற்பையில் வைத்திருக்கும் பச்சை ஊன் மீனுக்கு உரிய இரை. மீன் சுட்டும் வெந்தும் உண்ணப்பட்டதைச் சங்கப் பாடல்கள் பல இடங்களில் காட்டுகின்றன.

பிரித்தானியர் ஆட்சியில் தூண்டில் ஒரு விளையாட்டாக வளர்ந்தது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873 இல் வெளியிட்ட "தி ராட் இன் இந்தியா" என்னும் நூல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்புக்கு முதன்மையான கையேடாக விளங்கியது. காவிரியின் மேற்பகுதியில் வாழும் மகசீர் மீன் இவ்விளையாட்டின் பெரும்பரிசாகக் கருதப்பட்டது. 1946 இல் காவிரியின் துணையாறான கபினியில் 120 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம் எடையுள்ள மகசீர் பிடிக்கப்பட்டது. காவிரிக்கே உரிய திமில் மகசீர் 2018 இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. இம்மீனைப் பொறுத்தவரை பச்சையா, சமைத்ததா என்ற வினாவுக்கே இடமில்லை. பிடிபட்டால் காயப்படுத்தாமல் ஆற்றில் திரும்ப விடுவதே முறை.

மீன்பிடித் திருவிழா

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மணப்பாறைப் பகுதியிலும், அண்டை மாவட்டங்களான புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை ஆகியவற்றிலும் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடைபெறும். ஊர்ப் பெரியவர்கள் துண்டை வீசி இசைவு தந்ததும், கரையில் காத்திருக்கும் சுற்றுவட்டார மக்கள் ஊத்தா, கச்சா, சிறு வலை ஆகியவற்றுடன் ஒருசேர நீரில் இறங்குவர். அன்று பிடித்த மீன் விற்கப்படாமல் அன்றே வீடுகளில் குழம்பாகும். ஊர் முழுவதும் மீன் குழம்பு மணக்கும் நாள் என்று இதைச் சொல்வர். தமிழகத்தில் பொழுதுபோக்கு மீன்பிடிப்பின் மிகப் பெரிய வடிவம் இதுவே எனலாம். ஆயிரக்கணக்கானோர் உயிருள்ள மீனைக் கையில் ஏந்தி நிற்கும் இந்நிகழ்விலும் ஒருவரும் அதைச் சமைக்காமல் உண்பதில்லை.

மதுரையின் புகழ்பெற்ற அயிரை மீன் குழம்பும் இங்கு நினைக்கத்தக்கது. அயிரையை உயிருடன் வாங்கி, பாலிலோ உப்பு நீரிலோ விட்டு, மண்ணைக் கக்கச் செய்து, கொதிக்கும் குழம்பில் இடுவர். புதுமைக்குத் தமிழ்ச் சமையல் தரும் உயர்ந்த மதிப்பு இதில் தெரிகிறது. ஆனால் அது தீயைத் தவிர்ப்பதில்லை.

உயிர்மீன் விழுங்கல்

இந்தியாவில் சமைக்காத மீன் பெருந்திரளாக உட்கொள்ளப்படும் நிகழ்வு ஐதராபாத்தில் நடைபெறுகிறது. ஆண்டுதோறும் சூன் மாதத்தில் மிருகசீரிடக் கார்த்தி நாளில், பத்தினி குடும்பத்தினர் மூலிகைப் பசையை வாயில் வைத்த விரால் குஞ்சு ஒன்றை ஈளை நோயாளிகளுக்கு உயிருடன் விழுங்கத் தருகின்றனர். 1845 முதல் இவ்வழக்கம் தொடர்வதாக அக்குடும்பத்தினர் கூறுகின்றனர். கோவிட் பெருந்தொற்றால் 2020 முதல் நிறுத்தப்பட்டிருந்த இது 2023 இல் மீண்டும் தொடங்கியது. ஈளை நோயை இது தீர்க்கும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. மருத்துவர்களும் பகுத்தறிவு அமைப்பினரும் இதை எதிர்த்து வந்துள்ளனர். "மருந்து" என்னும் பெயர் கைவிடப்பட்டு "மீன் பிரசாதம்" என இப்போது வழங்கப்படுகிறது. இங்கு விரால் உணவாக அன்றி, மூலிகையைத் தொண்டைக்குள் கொண்டுசெல்லும் ஊர்தியாகவே கருதப்படுகிறது.

புதிய மீன் பாதுகாப்பானதா

மீன் எவ்வளவு புதிதோ அவ்வளவு பாதுகாப்பானது என்பது தூண்டிற்காரர்களிடையே பரவலான நம்பிக்கை. அழுகலைப் பொறுத்தவரை இது உண்மை. 2018 இல் கேரள அரசு "சாகர் ராணி" என்னும் சோதனை நடவடிக்கையில் பார்மலின் கலந்த மீனைப் பெருமளவில் கைப்பற்றியபின், தானே பிடித்த மீனே நம்பத்தக்கது என்னும் எண்ணம் தமிழகத்திலும் வலுத்தது. அது நியாயமான எண்ணமே. ஆனால் ஒட்டுண்ணிகளைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை தலைகீழானது. நீரிலிருந்து அப்போதுதான் எடுத்த மீனின் தசையில் உள்ள புழுவும் உயிருடன்தான் இருக்கும்.

ஜப்பானில் பச்சையாக உண்ணப்படுபவை பெரும்பாலும் கடல் மீன்கள். நன்னீர் மீனான கெண்டையை மெல்லியதாக அரிந்து குளிர்நீரில் அலசி உண்ணும் வழக்கம் அங்கு உண்டு எனினும், அது சிறுபான்மையானது. இன்று சூசி உணவில் பொதுவாகிவிட்ட சால்மன் மீனைக்கூட ஜப்பானியர் முன்பு பச்சையாக உண்டதில்லை. 1980களில் நார்வே நாட்டினர் தம் பண்ணை மீனைச் சந்தைப்படுத்தியபின்னரே அது பரவியது. கடல் மீனும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. அனிசாகிசு என்னும் உருளைப்புழு ஹெர்ரிங் மீன் வழியே மனிதரைத் தாக்குவது நெதர்லாந்தில் கண்டறியப்பட்டு, 1968 முதல் அம்மீனை உறையவைத்தே விற்க வேண்டுமென அந்நாட்டில் விதிக்கப்பட்டது.

நன்னீர் மீனில் இடர் மேலும் கூடுதல். ஏனெனில் நன்னீர் ஒட்டுண்ணிகள் பலவற்றின் வாழ்க்கைச் சுழற்சியில் நத்தை அல்லது நுண்ணிய நீர்ப்பூச்சி, மீன், பாலூட்டி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. மனிதக் கழிவோ நாய், பூனை ஆகியவற்றின் கழிவோ நீரில் கலக்கும் இடத்தில் இச்சுழற்சி எளிதில் நிறைவுறும்.

வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பகுதியில் "கோய் பிளா" என்னும் உணவு உண்டு. கெண்டைக் குடும்பச் சிறுமீன்களைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய், கீரை சேர்த்து உண்பர். இதன் வழியே ஓபிஸ்தோர்க்கிஸ் விவெரினி என்னும் கல்லீரல் தட்டைப்புழு உடலில் புகுந்து, பித்தநாளத்தில் பல ஆண்டுகள் தங்குகிறது. பித்தநாளப் புற்றுநோய் உலகில் மிகுதியாகக் காணப்படும் இடங்களுள் அப்பகுதியும் ஒன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994 இல் இப்புழுவை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் காரணி என வகைப்படுத்தியது. இது மீக்கொங் படுகை நாடுகளுக்கு உரிய புழு. காவிரி மீனை உண்பவர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எலுமிச்சையும் மிளகாயும் புழுவைக் கொல்வதில்லை என்பதை இவ்வுணவு ஐயமின்றிக் காட்டுகிறது. எலுமிச்சைச் சாறு மீன் தசையின் புரதத்தை வெண்ணிறமாக மாற்றுவதால் வெந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. அது தோற்றம் மட்டுமே.

நத்தோஸ்டோமா என்னும் உருளைப்புழு இந்தியாவுக்கும் நெருக்கமானது. 1836 இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த புலியின் இரைப்பையில் இதை ரிச்சர்ட் ஓவன் கண்டறிந்தார். விரால், கெளுத்தி, விலாங்கு வடிவ மீன்கள், தவளை ஆகியவற்றின் தசையில் இதன் இளம்புழு தங்கும். மனித உடலில் அது முதிர்ச்சி அடைய இயலாமல் தோலுக்கடியில் அலைந்து, இடம் மாறும் வீக்கத்தை உண்டாக்கும். அரிதாக மூளையையும் கண்ணையும் அடையும். கண்ணுக்குள் புகுந்த புழுவை அறுவை மூலம் எடுத்த நிகழ்வுகள் இந்திய மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளன. தூண்டிற்காரர் மிக உயர்வாக மதிக்கும் விராலே இதன் முதன்மையான ஊர்தியாக இருப்பது கவனிக்கத்தக்கது.

மணிப்பூர் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் அரைவேக்காட்டு நண்டு வழியே நுரையீரல் தட்டைப்புழு பரவுகிறது. இருமலில் குருதி கலந்து வருவதால் இது காசநோய் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு.

சிங்கப்பூர் நிகழ்வு

தமிழர் கணிசமாக வாழும் சிங்கப்பூரில் 2015 ஆம் ஆண்டு நிகழ்ந்த நோய்ப்பரவல், பச்சை நன்னீர் மீன் பற்றிய எண்ணங்களை மாற்றியது. அங்குள்ள உணவங்காடிகளில் மீன் கஞ்சியுடன் பச்சை மீன் துண்டுகளைத் தொட்டுக்கொள்ளத் தருவது சீனர் வழக்கம். இதற்குப் பயன்பட்டவை "சோங்" எனப்படும் பெருந்தலைக் கெண்டையும், "தோமான்" எனப்படும் விரால் இன மீனும் ஆகும். அவ்வாண்டில் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் 283 என்னும் எண்ணால் குறிக்கப்படும் வகை, நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. குருதி நச்சேற்றம், மூளையுறை அழற்சி, மூட்டு அழற்சி ஆகியன உண்டாயின. சிலர் கை, கால்களை இழந்தனர். பாதிக்கப்பட்டோருள் முன்பு நல்ல உடல்நலத்துடன் இருந்தவர்களும் அடங்குவர். 2015 திசம்பரில், உடனடியாக உண்ணத்தக்க பச்சை நன்னீர் மீன் உணவுகளை விற்கச் சிங்கப்பூர் அரசு தடை விதித்தது. கடல் மீனுக்கு இத்தடை இல்லை. இதே பாக்டீரியா வகை தென்கிழக்காசியப் பண்ணைகளின் திலாப்பியாவிலும் இருப்பது பின்னர் தெரியவந்தது.

இந்நிகழ்வில் மீன் கெட்டுப்போனதாகவோ, கடைக்காரர் பழைய மீனைத் தந்ததாகவோ எவரும் கூற வேண்டியிருக்கவில்லை. மீன் உயிருடன் இருந்தபோதே கிருமியும் அதனுள் இருந்தது.

மீனின் இயற்கை நஞ்சுகள்

தீ எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பதும் சரியன்று. ரோகு, கட்லா, கெண்டை முதலியவற்றின் பித்தப்பையில் சைப்ரினால் என்னும் நஞ்சு உண்டு. நீரிழிவு, மூட்டுவலி ஆகியவற்றுக்கு மருந்தெனக் கருதி ரோகுவின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கியோர், சில நாட்களில் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் இந்தியாவில் பலமுறை பதிவாகியுள்ளன. இந்நஞ்சு வெப்பத்தாலும் அழிவதில்லை. மீன் அரியும்போது பித்து உடையாமல் எடுக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கற்பிப்பது கசப்பைத் தவிர்க்கவே எனினும், அதன் பயன் அதைவிடப் பெரியது.

விலாங்கின் குருதி இதற்கு மாறானது. அதில் உள்ள நஞ்சை 1888 இல் இத்தாலிய உடலியல் அறிஞர் ஆஞ்செலோ மொசோ விவரித்தார். அது வெப்பத்தால் அழியும். பச்சை மீனுக்குப் பெயர்பெற்ற ஜப்பானியரும் விலாங்கைச் சுட்டே உண்பது இதனால்தான். கெண்டைக் குடும்ப மீன்கள் பலவற்றின் பச்சைத் தசையில் உயிர்ச்சத்து பி1 ஐச் சிதைக்கும் தயாமினேசு என்னும் நொதியும் உள்ளது. பச்சைக் கெண்டை தின்ற பண்ணை நரிகள் 1930களில் அமெரிக்காவில் முடக்குற்று இறந்தபோது இது தெரியவந்தது. வேகவைத்தால் இந்நொதி செயலிழக்கும்.

சூரை, கானாங்கெளுத்தி முதலிய கடல் மீன்களை வெயிலில் வைத்திருந்தால் தோன்றும் இசுடமின் சமைத்தாலும் நீங்காது. உலோக மாசுகளும் அவ்வாறே. எனவே கோரையாறு போன்ற கழிவுநீர் கலக்கும் ஓடைகளில் பிடித்த மீனைக் குழம்பு வைத்தால் கிருமி அழியும். நீரிலிருந்து மீனில் சேர்ந்த ஈயமோ பாதரசமோ இருந்தால் அது குழம்பில்தான் இருக்கும். இத்தகைய நீரில் தூண்டில் போடுவோர் மீனைத் திரும்ப விட்டுவிடுதல் நலம்.

உடலில் புண் உள்ள விராலைக் கண்டு மக்கள் அஞ்சுவதுண்டு. 1988 இல் வடகிழக்கு இந்தியாவில் தோன்றிப் பிற மாநிலங்களுக்குப் பரவிய கொள்ளைப்புண் நோய் ஒருவகைப் பூஞ்சை போன்ற உயிரியால் வருவது. அது மனிதரைத் தாக்குவதில்லை. ஆயினும் புண்ணில் பிற பாக்டீரியாக்கள் பெருகுவதால் அத்தகைய மீனைத் தவிர்ப்பது பொருத்தமே.

உறையவைத்தல்

பச்சையாக உண்ணவுள்ள மீனை உறைநிலைக்குக் கீழ் 20 பாகை செல்சியசில் 7 நாட்களோ, கட்டியாக உறையும்வரை குளிர்வித்துக் கீழ் 35 பாகையில் 15 மணி நேரமோ வைக்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் பரிந்துரைக்கிறது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதி பொதுவாகக் கீழ் 18 பாகைக்கே அமைக்கப்படுகிறது. அடிக்கடி திறப்பதாலும் மின்தடையாலும் அதுவும் நிலைப்பதில்லை. மேலும் உறைகுளிர் புழுக்களைக் கொல்லுமேயன்றிப் பாக்டீரியாக்களைக் கொல்லாது. சிங்கப்பூரில் பரவியது போன்ற நோயை இது தடுக்காது.

சமைக்கும் முறை

மீனின் தடித்த பகுதியின் நடுவே வெப்பம் 63 பாகை செல்சியசை எட்டினால் போதுமானது என்பது பொதுவான அளவுகோல். தசை ஒளிபுகாமல் வெண்மையாகி, முள்ளிலிருந்து எளிதில் பிரிவது இதன் அடையாளம். கொதிக்கும் புளிக்குழம்பில் இது சில நிமிடங்களிலேயே நிகழ்ந்துவிடும். குழம்பைவிட வறுவலிலும், ஆற்றங்கரையில் சுள்ளி மூட்டிச் சுடும் மீனிலும்தான் கவனம் தேவை. முழு விராலை அனலில் வாட்டினால் தோல் கருகியபின்னும் முதுகெலும்பை ஒட்டிய தசை வேகாமல் இருக்கும். சமையல்காரர்கள் பெரிய மீனின் இருபுறமும் கத்தியால் கீறி மசாலா தடவுவது சுவைக்காக மட்டுமன்று, வெப்பம் உள்ளே செல்லவும் ஆகும்.

விரால், கெளுத்தி ஆகியவற்றின் வழவழப்பைப் போக்க அடுப்புச் சாம்பலோ கல் உப்போ இட்டுத் தேய்ப்பர். செவுளும் குடலும் விரைவில் அழுகுமாதலால் வெயிற்காலத்தில் கரையிலேயே அவற்றை நீக்கிவிடுவது நல்லது. ஆனால் கழுவுவதற்கு ஆற்று நீரைப் பயன்படுத்தாமல் குடிநீரைப் பயன்படுத்த வேண்டும். மீன் அரிந்த அரிவாள்மனையில் கழுவாமல் வெங்காயம் அரிவது, பச்சைமீன் உண்ணாத வீட்டிலும் பச்சைமீனின் கிருமியை உணவில் சேர்த்துவிடும்.

ஒகேனக்கல், மேட்டூர், கல்லணை ஆகிய இடங்களில் ஆற்று மீன் வறுவல் கடைகள் பயணிகளிடையே பெயர்பெற்றவை. ஒகேனக்கல்லில் பயணிகள் வாங்கித் தரும் மீனைக் குழம்பும் வறுவலுமாகச் சமைத்துத் தரும் பெண்கள் உள்ளனர். அவர்களுக்கு மீனின் விலை தனி, சமையற்கூலி தனி.